4 டிகிரி நீரில் ஒரு மூச்சு: குறைந்த செலவில் நல்ல ரெகுலேட்டர் வாங்குவது எப்படி?

தியோமானில் முக்குளிக்கப் பழகியவர்களுக்குக் குளிர்நீர் என்றால் என்னவென்று தெரியாது. பெர்ஹெந்தியான், ரெடாங், சிப்பாடான் எல்லா இடத்திலும் அதே கதைதான். ஆண்டு முழுக்கக் கடல்நீர் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இதமாக இருக்கும். மெல்லிய முக்குளிப்பு உடை போதும். வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர் என்ன ரகம், யார் செய்தது என்று படகில் யாரும் விசாரிப்பதில்லை. கடையில் கொடுப்பதை மாட்டிக்கொண்டு குதிப்போம். காற்று வரும், அவ்வளவுதான்.

அதே ரெகுலேட்டரை இங்கிலாந்தின் ஒரு குவாரி ஏரிக்குள், 4 டிகிரி நீரில், 20 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் கதை மாறிவிடும். அதற்குள்ளேயே பனிக்கட்டி உருவாகலாம். உருவானால் காற்று நிற்காது, கொட்டத் தொடங்கும். முக்குளிப்பவர்கள் இதை 'ஃப்ரீ ஃப்ளோ' என்பார்கள். முழுக் கலனும் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

இதை ஏன் நம் ஊர் ஞாயிற்றுக்கிழமை இதழில் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் இப்போது லெஸ்டரிலும் மான்செஸ்டரிலும் மெல்பர்னிலும் படிக்கிறார்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முக்குளிப்புக் கழகம் இருக்கிறது. உறுப்பினர் கட்டணமும் மாணவர் கைக்கு எட்டக்கூடியதாக இருக்கும். வேலைக்குப் போகும் இளையர்கள் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவைப் பார்க்கவும், தஸ்மேனியாவின் கடற்பாசிக் காடுகளுக்குள் நீந்தவும் பணம் சேர்க்கிறார்கள். வெப்பக் கடலில் சான்றிதழ் வாங்கிய கையோடு குளிர்நீருக்குப் போகிறவர்களின் எண்ணம் பெரும்பாலும் உடையிலேயே நின்றுவிடுகிறது. குளிரைத் தாங்குகிற உடுப்பு கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மூச்சு வருகிற கருவியும் குளிரைத் தாங்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

நானூறு பவுண்டு கணக்கு

என் அண்ணன் மகள் லெஸ்டரில் பொறியியல் படிக்கிறாள். ஊடகம் படிக்க இங்கிலாந்தில் இருந்த காலத்தில் நானும் அங்கே குளிர்நீரில் முக்குளித்தவள் என்பதால், கழகத்தில் சேர்ந்த அடுத்த மாதமே எனக்குத்தான் அழைப்பு வந்தது.

"அத்தை, கிளப்புல இரவல் ரெகுலேட்டர் எப்பவும் கிடைக்காது. சொந்தமா ஒண்ணு வாங்கணும். நானூறு பவுண்டு சேத்து வெச்சிருக்கேன். அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நானூறு பவுண்டு என்றால் ஏறக்குறைய 2,200 ரிங்கிட். கிள்ளானில் இருக்கும் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "வாயில கடிக்கிற சாமானுக்கு ரெண்டாயிரம் வெள்ளியா? ஆன்லைன்ல எழுநூறு வெள்ளிக்கு இருக்கே, நான் பாத்தேனே!" என்றார்.

அண்ணன் சொன்ன எழுநூறு வெள்ளிச் சாமானும் நல்ல சாமான்தான், பெர்ஹெந்தியானுக்கு. அவர் மகள் இறங்கப்போவது அங்கே இல்லை. அவள் கழகம் பழகுவது ஸ்டோனி கோவ். லெஸ்டர்ஷயரில் கைவிடப்பட்ட கருங்கல் குவாரி ஒன்றில் நீர் நிரம்பி உருவான ஏரி. ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைக் கப்பலை அதன் அடியில் மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் முக்குளிப்பு கற்றுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் குளிர்காலத்திலும் அங்கே இறங்குகிறார்கள்.

அண்ணனுக்கு நான் விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: குளிர்நீருக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கலனில் மாட்டும் முதல் நிலையின் அமைப்பு. இரண்டு, பராமரிப்பு. மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகச் சிக்கனம் பார்க்கலாம்.

உள்ளே பனி எப்படி வருகிறது?

காற்றுக் கலனில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். பிரிட்டனில் 232 பார் கலன்கள் சாதாரணம். அதை அப்படியே சுவாசிக்க முடியாது. ரெகுலேட்டர் இரண்டு கட்டமாக அழுத்தத்தைக் குறைக்கிறது. கலனின் தலையில் மாட்டும் பித்தளைப் பகுதி முதல் நிலை. அது அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரைவிட 9 அல்லது 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து குழாய் வழியாக வந்து வாயில் பொருந்துவது இரண்டாம் நிலை. நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் அது திறந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருகிறது.

இந்த யோசனை பற்றாக்குறையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். அந்த வாயுவை இயந்திரத்துக்குத் தேவையான அளவு மட்டும் விடும் ஒரு வால்வை எமில் கேன்யான் என்ற பொறியாளர் செய்திருந்தார். அதைத்தான் 1943இல் ழாக் குஸ்தோவும் அவரும் சேர்ந்து நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியாக மாற்றினார்கள்.

அழுத்தத்தில் இருக்கும் காற்று திடீரென விரியும்போது குளிர்ந்துபோகும். கொசு மருந்துத் தகரத்தைத் தொடர்ந்து அடித்தால் கையில் சில்லிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே திரவம் ஆவியாகி அந்தச் சில்லிப்பு வருகிறது. இங்கே காற்றே விரிந்து குளிர்கிறது. ஆனால் இது அதைவிடப் பல மடங்கு கடுமை. 200 பாரிலிருந்து 10 பாருக்கு இறங்கும் காற்றின் வெப்பநிலை சர்ரென்று விழும். நீர் 29 டிகிரியாக இருந்தால் கவலையில்லை. சுற்றியுள்ள வெதுவெதுப்பு அந்தக் குளிரை ஈடுகட்டிவிடும். நீரே 4 டிகிரி என்றால் ஈடுகட்ட வெப்பம் இல்லை. முதல் நிலையின் உட்பகுதி பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அங்கே தண்ணீர் பட்டால் உறையும்.

இரண்டாம் நிலையிலும் ஆபத்து உண்டு. நம் மூச்சில் ஈரம் இருக்கிறது. வெளியே விடும் ஒவ்வொரு மூச்சும் அந்தச் சின்ன அறைக்குள் ஈரத்தைப் படியவைக்கிறது. உள்ளே வரும் காற்று பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஈரம் நெம்புகோலின் மேலும் வால்வின் ஓரத்திலும் பனியாகிவிடும். வால்வு மூட முடியாமல் திறந்தபடியே நிற்கும். காற்று கொட்டக் கொட்டக் குளிர் இன்னும் கூடும், பனி இன்னும் சேரும். அதனால்தான் ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்பது அரிது.

ஒரு பெரிய ஆறுதல் உண்டு. இன்றைய ரெகுலேட்டர்கள் பழுதானால் பெரும்பாலும் மூடிக்கொள்வதில்லை, திறந்துகொள்கின்றன. காற்று உடனே நின்றுபோகாது. ஆனால் அது எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் கேள்வி. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்கு. காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். நிதானமாகச் சுவாசித்தால் முக்கால் மணி நேரம் வரக்கூடிய ஒரு கலன், ஃப்ரீ ஃப்ளோவில் சில நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம்.

வடஇங்கிலாந்தில் ஒரு குவாரி ஏரியில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதம், நீர் 5 டிகிரி. எங்களுக்குச் சற்று முன்னால் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுமார் 18 மீட்டரில் ஒருவர் தலையைச் சுற்றி வெள்ளைக் குமிழிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் ஆளே தெரியவில்லை. அவருடைய துணைவர் பதறவில்லை. தன் உதிரி வாய்ப்பகுதியைக் கொடுத்து, அவர் கையைப் பிடித்து, மெதுவாக மேலே கூட்டிப்போனார். கரையில் அழுத்தமானியைப் பார்த்தோம். முள் கிட்டத்தட்டப் பூச்சியத்தில் இருந்தது. அவர் மாட்டியிருந்தது வாடகை ரெகுலேட்டர். வெப்பநீருக்கென்று செய்யப்பட்டது.

முதலில் பார்க்க வேண்டியது ஒரு குறி

ஐரோப்பாவில் விற்கப்படும் ரெகுலேட்டர்களுக்கு 'இஎன் 250' என்றொரு தரநிலை உண்டு. அந்தத் தரநிலை 10 டிகிரிக்குக் குறைவான நீரைக் குளிர்நீர் என்று வகுக்கிறது. குளிர்நீருக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டுமானால் 4 டிகிரி நீரில் சோதித்துத் தேறியிருக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாதவற்றின் மேல் '10 டிகிரிக்கு மேல்' என்ற பொருளில், 'பெரிது' என்னும் கணிதக் குறியும் 10 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பொடி எழுத்துதான், கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் குறி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குளிர்நீருக்கு வாங்காதீர்கள்.

'இஎன் 250ஏ' என்று கூடுதலாக ஓர் எழுத்து இருந்தால் இன்னும் நல்லது. அவசரத்தில் இரண்டு பேர் ஒரே முதல் நிலையிலிருந்து சுவாசிக்க அது ஏற்றது என்று பொருள். துணைவர் காற்றில்லாமல் வந்து நம் ஆக்டோபஸை, அதாவது உதிரி வாய்ப்பகுதியை, வாங்கிக்கொண்டால் முதல் நிலை வழியாக ஓடும் காற்றும் இரட்டிப்பாகும். குளிரும் அதற்கேற்பக் கூடும்.

பிஸ்டனா, டயஃப்ரமா?

கடைக்குப் போனால் இந்த இரண்டு சொற்கள்தான் காதில் விழும். முதல் நிலைக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. சாதாரண பிஸ்டன் வகையில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்து அந்த ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். உதிரிபாகம் குறைவு, விலை மலிவு, சர்வீஸும் சுலபம். நம் தீவுகளில் வாடகைக்கு விடப்படும் ரெகுலேட்டர்கள் பல இந்த வகைதான். ஆனால் குளிர்நீரில் அந்த ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள தண்ணீர் உறையக்கூடும்.

டயஃப்ரம் வகையில் ரப்பர் போன்ற ஒரு தகடு தண்ணீரையும் உள்பகுதியையும் பிரிக்கிறது. அதிலும் 'சீல் செய்யப்பட்ட' டயஃப்ரமில் வெளியே இன்னொரு தகடு இருக்கும். தண்ணீர் ஸ்பிரிங்கைத் தொடவே வழியில்லை. அழுத்தம் மட்டும் உள்ளே கடத்தப்படும். குளிர்நீருக்கு என்று தேடுபவர் கேட்க வேண்டிய சொல் இதுதான்: சீல் செய்யப்பட்ட முதல் நிலை. அபெக்ஸ் டிஎஸ்4, ஸ்கூபாப்ரோ எம்கே17, கிரெஸ்ஸி எம்சி9-எஸ்சி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வேறு நிறுவனங்களிடமும் இருக்கின்றன. ஒரே நிறுவனத்திலேயே சீல் உள்ளதும் இல்லாததும் அடுத்தடுத்த விலையில் இருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் மாடலைக் கேளுங்கள்.

பிஸ்டன் என்றாலே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. அண்டார்க்டிகாவில் மெக்மர்டோ நிலையத்தில் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் இருக்கும். அங்கே முக்குளித்த அமெரிக்க விஞ்ஞானிகள் நீண்ட காலம் பயன்படுத்தியது ஷெர்வுட் மேக்சிமஸ். அது பிஸ்டன் வகை. ஆனால் துளித் துளியாகக் காற்றைக் கசியவிட்டுத் தண்ணீரை உள்ளே விடாத அமைப்பு கொண்டது. பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களுக்குக் கடையில் விற்ற மாடல்தான். தண்ணீரை ஸ்பிரிங்கிடம் விடாமல் வைத்திருக்கிறதா என்பதே முக்கியம். விலைச்சீட்டு அதற்கு அடுத்துதான்.

இரண்டாம் நிலையில் பார்க்க வேண்டியது ஒன்று. உலோகப் பாகம் எவ்வளவு இருக்கிறது? குழாய் வந்து சேரும் இடத்தில் உலோகமும் சின்னச் சின்ன மடிப்புகளும் இருந்தால், ஏரி நீரிலுள்ள வெப்பத்தை அவை உள்ளே இழுக்கும். நமக்கு 4 டிகிரி என்பது குளிர். மைனஸில் இருக்கும் வால்வுக்கு அதுவே கதகதப்பு.

எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம்?

டைட்டானியம் வேண்டாம். கண்ணைப் பறிக்கும், கனம் குறைவு, விலை அதிகம். ஆனால் பித்தளையைவிட டைட்டானியம் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். நமக்கு வேண்டியதோ வெப்பம் கடத்துவது. இந்த ஒரு விஷயத்தில் மலிவான உலோகம்தான் நமக்கு உதவுகிறது.

மூச்சின் இறுக்கத்தை மாற்றும் திருகுகள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. சொல்லப்போனால் மிக லேசாகக் காற்று வரும்படி முடுக்கிவிடப்பட்ட இரண்டாம் நிலை குளிர்நீரில் எளிதாக ஃப்ரீ ஃப்ளோ ஆகும். சர்வீஸ் செய்பவரிடம் 'குளிர்நீருக்கு, கொஞ்சம் இறுக்கமாக வையுங்கள்' என்று சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் இருக்காது.

புதிய வண்ணம், இந்த ஆண்டு மாடல், அலங்காரப் பெட்டி எல்லாம் அடுத்த மாணவருக்கு.

இரண்டு விஷயங்களில் மட்டும் முன்யோசனை வேண்டும். முதலாவது, கலனோடு மாட்டும் முறை. நம் ஊரில் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் 'யோக்' வகை. ஐரோப்பாவில் திருகி மாட்டும் 'டின்' வகை பரவலாக உண்டு. டின் வாங்குங்கள். உறுதியானது, அதிக அழுத்தத்துக்கும் ஏற்றது. ஊருக்கு வரும்போது ஓர் இணைப்பான் போட்டால் தியோமான் கலனிலும் மாட்டலாம். யோக் வாங்கிவிட்டு டின் கலனில் மாட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

இரண்டாவது, துளைகள். வெப்பநீரில் முதல் நிலையிலிருந்து மூன்று குறைந்த அழுத்தக் குழாய்கள் போதும்: வாய்ப்பகுதிக்கு ஒன்று, ஆக்டோபஸுக்கு ஒன்று, மிதவை ஜாக்கெட்டுக்கு ஒன்று. குளிர்நீரில் உடலை ஈரமாக்காத டிரைசூட் அணிவார்கள். அதற்குள் காற்று விட இன்னொரு குழாய் வேண்டும். ஆக நான்கு துளை. எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பதே அதைத்தான். ஆனால் பழைய ரெகுலேட்டரின் விலை என்பது விற்பவர் சொல்லும் விலை அல்ல. அதோடு முழு சர்வீஸ் கட்டணத்தையும் சேர்த்ததுதான். 'போன வருஷம்தான் சர்வீஸ் பண்ணேன்' என்று வாயால் சொன்னால் போதாது, ரசீது வேண்டும். ரசீது இல்லையென்றால் சர்வீஸ் ஆகவில்லை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்க்கும்போது மூன்று சோதனைகள் செய்யலாம். காசு செலவில்லை.

முதலில், கலனில் மாட்டும் வாயில் ஒரு சின்ன உலோக வடிகட்டி தெரியும். அது பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் உள்ளே தண்ணீர், அதுவும் உப்புநீர் போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புக் கலனின் துரு. கறுப்பு என்றால் மோசமான காற்று நிரப்பியிருக்கிறார்கள்.

அடுத்து, கலனில் மாட்டாமல், முதல் நிலையின் தூசு மூடியை இறுக மூடிவிட்டு, வாய்ப்பகுதியில் மூச்சை இழுத்துப் பாருங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டையோ கிழிசலோ இருக்கிறது.

கடைசியாக, கலனில் மாட்டிக் காற்றைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் நிலை தானாக 'உஸ்' என்று கசிய ஆரம்பித்தால், முதல் நிலை அழுத்தத்தைச் சரியாகப் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். விற்பவரிடம் அழுத்தம் காட்டும் சின்ன மானி இருந்தால் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஓர் இடத்தில் நிற்க வேண்டும், மெல்ல மெல்ல ஏறக் கூடாது.

உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடலுக்குப் பாகம் கிடைக்காவிட்டால் அது வெறும் காகிதக் கனம்தான். படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் அந்த நிறுவனத்தின் ரெகுலேட்டரைக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மருமகளின் கணக்கு இப்படி முடிந்தது. கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் விற்ற, சீல் செய்யப்பட்ட டயஃப்ரம் செட் 170 பவுண்டு. முதல் நிலை, இரண்டு வாய்ப்பகுதிகள் எல்லாவற்றுக்கும் முழு சர்வீஸ் 120. டிரைசூட் குழாயும் புதிய கடிவாய்களும் 35. மொத்தம் 325. மிச்சம் 75 பவுண்டை அடுத்த சர்வீஸுக்கு ஒதுக்கச் சொன்னேன். அண்ணன் அந்தக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "சர்வீஸ் காச நான் தனியா அனுப்புறேன், அவ அதுல கை வெக்க வேணாம்" என்றார்.

வாங்கத் தேவையில்லாதவர்கள்

சில்ஃப்ராவில் வாழ்நாளில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசையென்றால் எதையும் வாங்காதீர்கள். வட அமெரிக்க நிலத்தட்டுக்கும் யூரேசியத் தட்டுக்கும் இடையிலான அந்தப் பிளவில் நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிதான். அங்கே அழைத்துப்போகும் நிறுவனங்கள் அந்த நீருக்கு ஏற்ற சாதனங்களையே தருகின்றன. டிரைசூட் பழக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள். பணத்தை அந்தப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் குளிர்நீரில் இறங்குவேன் என்பவர்களும் வாடகையையும் சர்வீஸ் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வாடகைக்கு எடுத்தால் கூச்சப்படாமல் அந்த 10 டிகிரிக் குறியைத் தேடுங்கள்.

"கோடையில்தானே இறங்கப்போகிறேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியின் மேல்பரப்பு ஜூலையில் 18 டிகிரியாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும். சில மீட்டர் இறங்கியதும் ஒரு கோடு கிழித்தாற்போல் குளிர் தாக்கும். ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அடியிலுள்ள வெப்பநிலையை வைத்து. கடலைவிட ஏரியில் கூடுதல் கவனம் வேண்டும். கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி அளவில்தான் உறையும். நன்னீர் பூச்சியத்திலேயே உறைந்துவிடும்.

காசில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு

எவ்வளவு நல்ல ரெகுலேட்டரும் தவறாகக் கையாண்டால் உறையும். கீழே சொல்லும் எதற்கும் பணம் தேவையில்லை.

தண்ணீருக்குள் போகும்வரை ரெகுலேட்டரை உலர்வாகவும் முடிந்தவரை சூடாகவும் வையுங்கள். இரவு முழுவதும் கார் பூட்டில் குளிரில் கிடக்க வேண்டாம். வெளிக்காற்று உறைநிலையில் இருந்தால் கரையில் நின்று அதில் சுவாசித்துப் பார்க்காதீர்கள். உங்கள் மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும். முகம் நீருக்குள் போன பிறகு முதல் மூச்சை இழுங்கள்.

நடுவிலுள்ள பர்ஜ் பொத்தானை நீளமாக அழுத்த வேண்டாம். ஜாக்கெட்டுக்கும் டிரைசூட்டுக்கும் காற்று விடும்போது சின்னச் சின்னத் தட்டலாக விடுங்கள்; அந்த நேரத்தில் மூச்சை இழுக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் முதல் நிலை வழியாகப் பாயும் காற்று கூடி, குளிரும் கூடும். முக்குளிப்பின் தொடக்கத்தில், கலன் நிறைந்திருக்கும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். வாய்ப்பகுதியின் பக்கத்தில் சிறு நெம்பி இருந்தால் மேற்பரப்பில் இருக்கும்போது அதைக் கழித்தல் பக்கம் திருப்பி வையுங்கள்.

காற்று நிரப்பும் இடமும் முக்கியம். சுவாசக் காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 'இஎன் 12021' என்ற தரநிலை இருக்கிறது. வடிகட்டியை நேரத்துக்கு மாற்றும் கடையாகப் பார்த்து நிரப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உறைந்தால்? கொட்டும் காற்றிலிருந்தே சுவாசிக்கலாம். உதட்டை இறுக மூடாமல், வழிந்துபோவதைப் போகவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். துணைவருக்குச் சைகை காட்டி, அவருடைய காற்றுக்கு மாறி, இருவரும் சேர்ந்து மேலேற வேண்டும். உங்கள் சொந்த ஆக்டோபஸை நம்ப முடியாது. அதுவும் அதே முதல் நிலையிலிருந்துதான் வருகிறது; முதல் நிலை உறைந்திருந்தால் அதுவும் கொட்டும். அண்டார்க்டிகாவில் ஒரே கலனில் இரண்டு தனித்தனி முதல் நிலைகளை மாட்டிக்கொண்டு இறங்குவது இதனால்தான். பிரிட்டனில் பலர் 3 லிட்டர் கொள்ளளவுள்ள சின்னக் கலனைத் தனி ரெகுலேட்டரோடு பக்கத்தில் கட்டிக்கொள்வார்கள். முதல் ஆண்டில் அதை வாங்க முடியாவிட்டால் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், துணைவரைவிட்டு விலகாதீர்கள்.

கொட்டும் ரெகுலேட்டரில் சுவாசிப்பதை நீச்சல் குளத்தில் பழகலாம். பயிற்றுநர் பர்ஜ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை நிமிடம் அமைதியாக மூச்சுவிட வேண்டும். முதல் தடவை கண்ணும் காதும் அடைத்ததுபோல் இருக்கும், மூன்றாவது தடவை சிரிப்பு வரும். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அழைத்து 'முக்குளிப்புக் கழகத்தில் சேர்ந்துவிட்டேன்' என்றால், வேண்டாம் என்று தடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ரெகுலேட்டரில் 10 டிகிரிக் குறி இருக்கிறதா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, குளத்தில் ஃப்ரீ ஃப்ளோ பழகிவிட்டாயா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், நிம்மதியாக அடுத்த சர்வீஸுக்குப் பணம் அனுப்பலாம்.